மாசாணம் மகன் அயல்காட்டில் கடை போட்ட கதை

ஒரு காட்டில், குட்டைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே, ஓர் எருமை டீக்கடை வைத்திருந்தது. எருமை எங்கேயாவது டீக்கடை வைக்குமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். சிங்கம் ராஜா, நரி மந்திரி என்று காலங்காலமாகச் சொன்னபோதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டீர்களே, எருமை டீ ஆற்றினால் மட்டும் கசக்கிறதா? பேசாமல் கேளுங்கள்.

எருமையின் பெயர் மாசாணம். கடையின் பெயர் ‘மாசாணம் டீ ஸ்டால்’. அந்தக் கடையில் பால் கொடுத்தது அவர் பெண்சாதி. அடுப்பு மூட்டியது, டீ போட்டது, கிளாஸ் கழுவியது, குட்டையிலிருந்து தண்ணீர் சுமந்தது எல்லாம் அவர் மகன். கல்லாவில் உட்கார்ந்து வாலால் ஈ ஓட்டியது மாசாணம். ஆனாலும் காடு முழுக்க, “மாசாணம் டீயைப் போல வருமா?” என்றுதான் பேச்சு.

மகனுக்குக் குணாளன் என்று நல்ல பெயர் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை, புதுக்கருக்கு மாறாமல் அப்படியே இருந்தது. “மாசாணம் மவனே, ரெண்டு டீ” என்று முயல் கேட்கும். “மாசாணம் மவன் போறான் பாரு” என்று கீரி சொல்லும். ஆலமரத்தில் ஒட்டிய வாக்காளர் பட்டியலில்கூட அவன் பெயர் இருந்த இடத்தில் மசி கொட்டி, தகப்பனார் பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் இப்படியே போனது.

ஒரு பொங்கலுக்குக் கடைப் பலகைக்குப் புது பெயிண்ட் அடிக்க ஏற்பாடானது. குணாளன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய் நின்றான்.

“அப்பா, எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போறோம்லா. ‘மாசாணம் அண்ட் சன்’னு போட்ருவமா?”

“சன்னுன்னா யாருலே?”

“நாந்தாம்ப்பா.”

“நீ எம் மவன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குலே பெயிண்ட வீணாக்கணும்?”

“அப்ப எம் பேரு எப்பதான் வரும்?”

“எனக்குப் பொறவு எல்லாம் உனக்குத்தானே. என்ன அவசரம்? நான் இப்பவே சாவணுமா?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த மகனாலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. குணாளன் கோபித்துக்கொண்டு குட்டையில் இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தான். மூன்று நாள் உட்கார்ந்தான். எருமை சேற்றில் உட்கார்ந்தால் அது கோபம் என்று யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அந்த மூன்று நாளில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். சாவதற்குள் ‘குணாளன்’ என்று எழுதிய பலகைக்கு அடியில் ஒரு நாளாவது நின்றுவிட வேண்டும். அது இந்தக் காட்டில் நடக்காது. இங்கே எந்த மரத்தடியில் கடை போட்டாலும் அது மாசாணம் மவன் கடைதான். ஆகவே கடல் தாண்டிப் போவது என்று தீர்மானித்தான்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது ஜெபமணி என்கிற மைனா. அயல்காட்டில் தொழில் தொடங்கித் தருவது அதன் தொழில். எட்டு பாஷை பேசும், எட்டிலும் பொய் சொல்லும்.

“அண்ணாச்சி, பனிக்காட்டுக்குப் போங்க” என்றது மைனா. “அங்க குளிர்ல எல்லாம் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுக் கெடக்கு. சூடா ஒரு டீ குடுத்தா உங்க காலத் தொட்டுக் கும்புடும். லஞ்சம் கெடையாது, சிபாரிசு கெடையாது. படிவத்த மட்டும் சரியா நெரப்புனா போதும்.”

படிவத்தைக் கொண்டுவந்து போட்டது. நாற்பத்திரண்டு பக்கம். குணாளன் சேற்றிலிருந்தபடியே நிரப்பத் தொடங்கினான். முதல் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ‘இட்ட பெயர்’, மற்றதில் ‘குடும்பப் பெயர்’.

“குடும்பப் பெயர்னா என்ன வே?” என்று கேட்டான்.

“உங்க குடும்பத்துல பேருன்னு சொன்னா யாரு பேரச் சொல்லுவாங்க?”

“எங்கப்பா பேரத்தான். வேற யாருக்கு எங்க வீட்டுல பேரு இருக்கு?”

“அப்ப அதையே போடுங்க அண்ணாச்சி. நம்ம ஊர்ல இனிஷியல்னு முன்னால ஒரு எழுத்துப் போடுதோம்லா, அங்க அத முழுசா விரிச்சுப் பின்னால போடணும். பெட்டி காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது.”

குணாளன் அந்தப் பெட்டியில் நிறுத்தி நிதானமாக ‘மாசாணம்’ என்று எழுதினான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது யானை என்றுதான் பழமொழி. எருமையும் செய்யும் என்பதற்கு அந்தப் படிவம் சாட்சி.

பதினேழாம் பக்கத்தில் தாயார் பெயர் கேட்டிருந்தார்கள். அவன் எழுந்து போய் மாசாணத்திடம், “அம்மா பேரு என்னப்பா?” என்றான். மாசாணம் வால் ஆட்டுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு பின்பக்கம் திரும்பி, “ஏளா, உம் பேரு என்ன?” என்று கத்தினார்.

“எதுக்கு? ரேஷன் கார்டுல எதும் தப்பா?”

“சும்மா சொல்லுளா.”

அவள் வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். “பேச்சியம்மான்னு நெனக்கேன்” என்றாள். அவன் எழுதிக்கொண்டான்.

புறப்படும் நாளில் மாசாணம் கல்லாவை விட்டு எழுந்து வாசல்வரை வந்தார். அவர் எழுந்ததே பெரிய விஷயம். “போயிட்டு வாலே. எங்க போனாலும் மாசாணம் மவன்னு சொல்லு, மரியாத தானா வரும்” என்று வாழ்த்தினார். குணாளன் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான்.

பனிக்காடு மகா மரியாதையான காடு. அங்கே புலிகூட, “தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். கத்துவது, முட்டுவது, உறுமுவது எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் படிவம்தான். அந்தக் காட்டின் தொழில் பதிவு அலுவலகத்தில் ஓர் அன்னம் அதிகாரியாக உட்கார்ந்திருந்தது. கழுத்து நீளம். அந்தக் கழுத்தை வளைத்து நம்மைப் பார்ப்பதற்குள் மதியச் சாப்பாட்டு வேளை வந்துவிடும்.

குணாளன் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். காத்திருக்க எருமைக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஐந்து மணி நேரம் அசை போட்டான். கடைசியில் ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது.

“மிஸ்டர் மாசாணம்!”

குணாளன் அசை போடுவதை நிறுத்தினான். சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். அப்பா பின்னாலேயே வந்துவிட்டாரா?

“மிஸ்டர் மாசாணம்!”

பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான். யாரும் இல்லை.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு அன்னம் சன்னலைச் சாத்தியது. டோக்கன் காலாவதியானது. அடுத்த வாரம் வா என்றார்கள். வெளியே கம்பியில் உட்கார்ந்திருந்த மைனா இறக்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டது.

“அண்ணாச்சி, கூப்புட்டது உங்களத்தான். இங்க குடும்பப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. அதுதான் மரியாதையாம்.”

“எது, எங்கப்பன் பேரச் சொல்லி என்னைக் கூப்புடுறதா?”

“ஆமா.”

“ஊர்லயாவது மவன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லுவான்களே வே!”

அடுத்த வாரம் போனான். இந்தத் தடவை அழைத்ததும் எழுந்தான், ஆனால் மனசில்லாமல் எழுந்தான். அன்னம் மிக இனிமையாக வரவேற்றது. டீக்கடை என்பதால் பால் பரிசோதனை உண்டு என்று சொல்லி, அவன் கொண்டுபோன பாலில் அலகை வைத்தது. அன்னம் அல்லவா? பாலை மட்டும் உறிஞ்சிவிட்டு, பாத்திரத்தில் மிஞ்சிய தண்ணீரை அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டது. பாத்திரத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“இது எந்த முறைத் தயாரிப்பு?” என்று அன்னம் கேட்டது.

“எங்க குடும்ப முறைங்க” என்றான் குணாளன்.

“பாரம்பரிய முறை” என்று எழுதி அன்னம் முத்திரை குத்தியது. லஞ்சம் கிடையாது என்று மைனா சொன்னது பொய்யில்லை.

பிறகு சான்றிதழ் வந்தது. ஓரமெல்லாம் பொன் நிறக் கோடு போட்டு அழகாக இருந்தது. மைனா வாசித்துக் காட்டியது: “நிறுவனம், மாசாணம் தேநீரகம். உரிமையாளர், திரு. மாசாணம். கடைப் பலகையில் இந்தப் பெயரை ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். வேறு பெயர் எழுதினால் குற்றம். பலகையை மறைத்தாலும் குற்றம்.”

குணாளன் சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினான். சன்னலில் தலையை நுழைத்தான்.

“ஐயா, பேரு தப்பா இருக்கு. எம் பேரு குணாளன்.”

“அது உங்கள் இட்ட பெயர்” என்றது அன்னம். “நண்பர்கள் கூப்பிடுவதற்கு. தொழிலுக்கு அல்ல. மாசாணம் என்பது யார்?”

“எங்கப்பா.”

“உங்கள் தந்தையின் பெயரை நீங்கள் ஏன் பயன்படுத்துகிறீர்கள்?”

“எங்க ஊர்ல எல்லாரும் அப்பா பேரச் சேத்துத்தான் எழுதுவோம்.”

அன்னம் கழுத்தை நிமிர்த்தியது. “அப்படியானால் உங்கள் ஊரில் எல்லோரும் தங்கள் தந்தையாக நடிக்கிறீர்களா?”

முப்பது வருஷத்தில் குணாளனிடம் யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

“மாத்த வழி இருக்குதா?” என்று கெஞ்சினான்.

“தாராளமாக. பெயர் பிரிப்புப் படிவம். மாசாணம் என்ற பெயருக்கு உரியவர் நேரில் வந்து, தான் வேறு, நீங்கள் வேறு என்று வாக்குமூலம் தர வேண்டும்.”

வெளியே வந்ததும் மைனா சமாதானம் சொன்னது. “விட்டுத் தள்ளுங்க அண்ணாச்சி. பேரா சோறு போடுது? கடையத் தொறங்க, நாலு டீ ஆத்துங்க, எல்லாம் சரியாப் போயிரும்.”

“சோறு எங்கப்பன் கடையிலயும் கெடச்சுது வே. நான் கடல் தாண்டி வந்தது பேருக்காக” என்றான் குணாளன்.

கடையைத் திறக்காமலும் இருக்க முடியாது. குறித்த தேதிக்குள் திறக்காவிட்டால் அனுமதி போய்விடும். நல்ல நேரம் பார்த்துத் திறந்தான். வாசலில் கற்பூரம் ஏற்றித் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தான். அரைமணியில் இரண்டு பனிமான்கள் சீருடையில் வந்து, பொதுவழியில் காய்கறியை வன்முறையாகக் கையாண்டதற்கு விளக்கம் கேட்டுப் படிவம் கொடுத்துவிட்டுப் போயின. அதையும் நிரப்பினான். டீ நன்றாகப் போனது. பனிக்கரடி மூன்று கிளாஸ் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, “அருமை, மிஸ்டர் மாசாணம்!” என்றது. சுற்றியிருந்த பத்துப் பதினைந்து பேரும் அதையே சொன்னார்கள். மேலே பலகையில் ஒரு சாண் உயரத்தில் அதுவே எழுதியிருந்தது. அவன் தலை நிமிரவே இல்லை.

மறுநாளே ஊருக்குப் போன் போட்டான். “அப்பா, ஒரு கையெழுத்து வேணும். நீங்க நேர்ல வரணும்.”

“பிளேன்லயா?” என்றார் மாசாணம்.

“ஆமா.”

“சன்னலோரம் கெடைக்குமாலே?”

மாசாணம் வருகிற ஏற்பாட்டை மைனா பார்த்துக்கொண்டது. அவருக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில், “உங்க இனிஷியல விரிச்சு எழுதுங்க” என்றிருக்கிறார்கள். “எனக்கு எதுக்குவே இனிஷியல்? நானேதான் இனிஷியல்” என்று சொல்லிவிட்டு, இருந்த பெட்டிகளிலெல்லாம் மாசாணம் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் விமானம் ஏறிய அன்று பேச்சியம்மா கடையைச் சாத்திவிட்டு, உச்சிவெயில் ஏறும்வரை தூங்கினாள். கல்யாணமானதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை என்று பக்கத்து வீட்டுப் பன்றியிடம் சொன்னாளாம்.

மாசாணம் கம்பளிக் குல்லாவைக் கொம்பில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். குணாளன் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே அழைத்துவந்தான். ‘அப்பா, இது எங்கடை. தவறிப்போய் உங்க பேரு விழுந்துட்டு. அது வேண்டாம். எடுத்துரணும்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலு வாக்கியம். கடை வாசல் வந்ததும் சொல்லிவிடுவது என்று இருந்தான்.

வாசல் வந்தது. மாசாணம் அண்ணாந்து பலகையைப் பார்த்தார். “என்னலே எழுதியிருக்கு? வேத்து பாஷையால்லா இருக்கு.”

“மாசாணம்னு எழுதியிருக்குப்பா.”

அவர் அப்படியே நின்றுவிட்டார். குல்லாவைக் கழற்றினார்.

“கடல் தாண்டி வந்தும் எம் பேரையா போட்ட?”

“அப்பா, அது வந்து…”

“அன்னைக்கு ‘சன்’னு போட மாட்டேன்னு சொன்னேனே, அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் போறான்னு நெனச்சேம்லே. உங்கம்மகிட்டகூடச் சொன்னேன். இப்படி வச்சிருக்கியே! எம் மவன்லே நீ!”

மாசாணம் மகனின் கழுத்தோடு கழுத்தை உரசி, ஓவென்று அழுதார். பிறந்ததிலிருந்து அப்பா அவனைத் தொட்டதெல்லாம் கொம்பால் மட்டும்தான். இப்போது கழுத்து உரசுகிறது. அந்தக் கதகதப்பில் குணாளனின் நாலு வாக்கியமும் வெண்ணெய்போல உருகிப் போயின. ‘எடுத்துரணும்’ என்பதை எந்த வாயால் சொல்வது? “நாளைக்கு ஆபீஸ்ல சும்மா ஒரு கையெழுத்துதாம்ப்பா. கேட்டதுக்கு உள்ளதச் சொன்னாப் போதும்” என்று மென்று விழுங்கினான். அங்கேதான் கெட்டது.

மறுநாள் அலுவலகம். அப்பாவும் மகனும் அருகருகே நின்றார்கள். மைனா மொழிபெயர்த்தது. அன்னம் கோப்பைத் திறந்து கேட்டது.

“மாசாணம் என்பது யார்?”

“நாந்தான்” என்றார் மாசாணம், நெஞ்சை நிமிர்த்தி.

“எப்போதிலிருந்து?”

“பொறந்ததுலேர்ந்து.”

“தேநீர்த் தொழில் தெரியுமா?”

“முப்பது வருஷமா அதான வேல.”

“பாலில் தண்ணீர் முக்கால் பங்கு. இது யாருடைய முறை?”

“எங்க முறைதான். எங்கையால ஊத்தி ஊத்திக் கண்டுபுடிச்சது.”

அன்னத்தின் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவான விண்ணப்பதாரரை அது பார்த்ததே இல்லை. அடுத்து அலகால் குணாளனைச் சுட்டியது. “இவர் யார்?”

“இவனா? எங்கடையில பன்னெண்டு வருஷம் வேல பாத்தான். நல்ல வேலக்காரன்” என்றார் மாசாணம். மகனைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்ல வார்த்தை சொல்லிவிட்ட பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

“அப்பா!” என்றான் குணாளன்.

அன்னம் கோப்பிலிருந்த குணாளனின் புகைப்படத்தை எடுத்தது. மாசாணத்தைப் பார்த்தது. படத்தைப் பார்த்தது. “கொம்பு இருக்கிறது, கறுப்பு நிறம், பொருந்துகிறது” என்று எழுதியது. குணாளனைப் பார்த்தது. அவனுக்கும் கொம்பு இருந்தது, அவனும் கறுப்புதான், ஆனால் அந்தக் கட்டத்தில் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. பாலையும் தண்ணீரையும் பிரிக்கத் தெரிந்த அன்னத்துக்கு அப்பனையும் மகனையும் பிரிக்கத் தெரியவில்லை. கடை, சான்றிதழ், அடுப்பு, பலகை எல்லாம் உண்மையான திரு. மாசாணத்துக்கே உரியவை என்று தீர்ப்பெழுதி முத்திரை வைத்தது. தாமதத்துக்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டது.

குணாளன் அன்றுதான் முதல்முறையாக அப்பாவிடம் குரல் உயர்த்தினான். “அப்பா, அது எங்கடை! நான் கஷ்டப்பட்டு வச்ச கடை!”

“ஒங்கடைதாம்லே. இல்லன்னு சொன்னனா? எம் பேர்ல இருக்கு, அவ்வளவுதான்.”

“எனக்கு எழுதிக் குடுங்கப்பா. இப்பவே, இந்த எடத்துலயே.”

“எனக்குப் பொறவு உனக்குத்தானே. இந்த வயசுல என்ன அவசரம்? கவர்மெண்டே பாத்து எழுதியிருக்கு. நாம மறுத்தா மரியாதையா இருக்குமா?”

மைனா இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அதற்கும் ஓர் அப்பா இருந்திருக்க வேண்டும்.

கதை இதோடு நின்றதா என்றால், படிவம் இருக்கும்வரை கதை நிற்காது. கடை இல்லாத குணாளனுக்குப் பனிக்காட்டில் இருக்க உரிமை இல்லை. பத்து நாளில் யாராவது அவனை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று மிகுந்த வருத்தத்துடன் கடிதம் வந்தது. ஊருக்குப் போனால் மறுபடி மாசாணம் மவன். இங்கே இருந்தால் யாருமே இல்லை. அவன் பனியில் போய் உட்கார்ந்தான். சேறு மாதிரி அது இதமாகவும் இல்லை. ஒன்பதாம் நாள் மாசாணம் தேடிக்கொண்டு வந்தார்.

“என்னலே இங்க வந்து ஒக்காந்திருக்க? கடையில டீ போட ஆள் இல்ல. அந்தக் காயிதத்தக் குடு, கையெழுத்துப் போட்டுத் தாரேன். பெத்த புள்ளைய நடுத்தெருவுல விட்ருவனா?”

கையெழுத்துப் போட்டார். குணாளன் வேலையாளாகப் பதிவு செய்யப்பட்டான். அந்தப் படிவம் ஒரே பக்கம்தான். அதில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. வேலையாட்களுக்குக் குடும்பப் பெயர் கேட்கும் வழக்கம் பனிக்காட்டில் இல்லை. அவர்களை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிடப் போவதில்லை அல்லவா? இட்ட பெயர் மட்டும் போதும். அதை ஒரு வில்லையில் அச்சடித்து, நெஞ்சில் குத்திக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும் என்பது சட்டம்.

முதல் நாள் காலை, ‘மாசாணம்’ என்ற பலகைக்குக் கீழே, கல்லாவில் மாசாணம் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் ஈ கிடையாது. இருந்தாலும் ஆட்டினார். குணாளன் நெஞ்சில் வில்லையோடு அடுப்பு முன்னால் நின்றான். ஒரு பனிமான் உள்ளே வந்தது. கழுத்தை நீட்டி வில்லையை எழுத்துக்கூட்டி வாசித்தது.

“குணாளன், இரண்டு டீ.”

வெறும் குணாளன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றான்.

பனிமான் இவனுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னது. “குணாளன்! இரண்டு டீ!”

கல்லாவிலிருந்து குரல் வந்தது. “லேய், கூப்புடுதாங்கள்லா? காது கேக்கல?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீயை ஆற்றத் தொடங்கினான்.

நீதி: அயல்காட்டுப் பலகையில் உன் பெயர் ஒரு சாண் உயரத்தில் வர வேண்டுமானால், நீ போகாதே, ஒரு பிள்ளையைப் பெற்று அனுப்பு, பிள்ளையாகவே பிறந்து தொலைத்துவிட்டாய் என்றால், முதலாளியாக ஆசைப்படாமல் அப்பன் கடையிலேயே கூலிக்குச் சேர், வில்லை இலவசம்.